பேச்சாளரின் நோட்டீஸ்

"இது பயிற்சி நோட்டீஸா, தேர்தல் நோட்டீஸா?" என்று கேட்டாள் மிரான்.

யோம் கியு-சிக் கொண்டுவந்திருந்த தாளின் மேல்பாதியில் வேலையில் வரும் மன அழுத்தத்தைப் பற்றிய பாடம். அடியில் அவருடைய சிரித்த முகம். பெரிய எழுத்தில் போன் நம்பர். 'பேச்சாளர் தேவையா? எப்போதும் அழைக்கலாம்.'

"பேச்சாளர்னா விளம்பரம் வேணுமே மேடம்," என்றார் யோம், கூச்சமே இல்லாமல். "யாரும் தூக்கிப் போடாம வீட்டுக்குக் கொண்டுபோகணும். எனக்கு அது போதும்."

தென் கொரியாவின் சாங்வொன் நகரில் இருந்த அந்த வால்வு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு மிரானின் பொறுப்பு. இப்படி எத்தனையோ பேச்சாளர்களைப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். இவர் தம்பி தற்கொலை செய்துகொண்டதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார் என்றும் கேள்விப்பட்டிருந்தாள்.

'செத்த தம்பியை வெச்சுப் பிழைக்கிற ஆளு.'

முதல் கூட்டம் மெஷின் பிரிவுக்கு. அவரை மேடையேற்றிவிட்டு, உட்கார்ந்து கேட்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுவாரம் வார்ப்புப் பிரிவுக்குக் கூட்டம். நோட்டீஸ் கட்டு முன்னதாகவே பார்சலில் வந்து சேர்ந்தது. மிரான் அதை அப்படியே பேப்பர் வெட்டும் மெஷினில் வைத்து அடிப்பகுதியை நறுக்கினாள்.

"அவருக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவாரே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"வரட்டும். நம்ம ஆளுங்ககிட்ட இவர் எதுக்குக் கடை விரிக்கணும்? பாடம் முழுசா இருக்குல்ல."

சண்டை வரவில்லை. பேசி முடித்த கையோடு யோம் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். இந்தத் தடவையும் பேச்சைக் கேட்காமல் வெளியே இருந்த மிரான், கூட்டம் கலையும்போது வாசலில் நின்று தாளைக் கொடுத்தாள். எல்லாருக்கும் பின்னால் வந்த இளம் தொழிலாளி சாங்-உக் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இவ்ளோதானா மேடம்?"

"இவ்ளோதான். வேற என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் சாங்-உக் தன் வாடகை அறையில் உயிரை மாய்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி அஞ்சலிக் கூடத்தில் அவன் படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கிவிட்டு, சாப்பாட்டு மேசைகள் பக்கம் திரும்பினாள் மிரான். மெஷின் பிரிவு ஆட்களுக்கு நடுவில் யோம் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைக்கும் சூப் அவர் முன்னால் தொடாமலே ஆறிக் கிடந்தது.

நேராக அவரிடம் போனாள். "இங்கயுமா சார் நோட்டீஸ் குடுக்க வந்தீங்க?"

யோம் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த மெஷின் பிரிவுத் தொழிலாளி போங், சோஜு மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் வரச் சொன்னேன் மேடம். அன்னிக்கு இவர் போனை எடுக்கலேன்னா, இதே கூடத்துல என் பேரைச் சொல்லி சூப் குடிச்சிருப்பீங்க."

மிரானுக்குப் புரியவில்லை.

"சாகணும்போல இருந்தா கூப்பிடுன்னு அச்சடிச்சா, எந்தக் கம்பெனியிலயும் உள்ள விடமாட்டாங்க மேடம்," என்றார் யோம் மெதுவாக. "அப்படி ஒரு தாளைப் பையில வெச்சுக்கவும் எல்லாரும் பயப்படுவாங்க. யாராவது பாத்துட்டா வேலை போயிடுமேன்னு. விளம்பரம்னா யாருக்கும் சந்தேகம் வராது. பேச்சை முடிக்கும்போது மட்டும் சொல்லுவேன், அடியில இருக்கிற நம்பர் கூட்டத்துக்கு இல்ல, உங்களுக்குத்தான்னு."

போங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் கிளம்பும்போது இந்தப் பையன் பின்னாலயே வந்தான். 'தாளை வாங்கிட்டு நாளைக்குக் கூப்பிடறேன் சார்'னான். போனைக் கையிலயே வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். கூப்பிடவே இல்ல." யோம் மிரானை நிமிர்ந்து பார்த்தார். "நான் பேசினதுல என்ன குறைன்னு தெரியல. அவனுக்குத் தாள் கெடைச்சுதுல்ல மேடம்?"

மேசையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கெடைச்சுது சார்," என்றாள் மிரான். "என் கையாலதான் குடுத்தேன்."