நாக்கோரம் நீலம்

"வாயைத் திற, சத்யா."

காலையில் சூரியபிரகாஷ் தன் மனைவியிடம் சொல்லும் வார்த்தை இதுதான். பால் காய்ச்சுவான். கேப்பைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஆறவைப்பான். அவள் மூக்கு வழியாகப் போகும் குழாயில் கஞ்சியை மெதுவாக ஊற்றி, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவுவான். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்து அவளுடைய புது நாக்கைப் பார்ப்பான்.

புற்றுநோய் வந்த பாதி நாக்கை வெட்டிவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒரு தடவை அதில் ரத்தம் கட்டி, அவசரமாக மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெளிர் சிவப்பா இருந்தா நல்லது. நீலமா மாறினா உடனே கிளம்பி வந்துருங்க. விட்டா வச்ச நாக்கு செத்துடும். மூச்சுக்காகத் தொண்டையில போட்ட துளை ஆறுறவரைக்கும் அவங்க பேசவும் கூடாது."

இன்று நாக்கில் வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. அதுவரை கீழ்ப்பக்கமாக மடங்கிக் கிடந்த நாக்கின் ஓரம் மேலே தெரிந்தது.

அந்த ஓரம் நீலமாக இருந்தது.

டார்ச்சை அணைத்தான். "சேலையை மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சத்யப்ரியா எழுந்து கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இன்னும் ஒரு பக்கம் வீங்கியிருந்த கன்னத்தில் தெரிந்தது சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மறுபடியும் கத்தி வைப்பாங்கன்னு பயப்படுறியா? நான் இருக்கேன்ல. வா."

பக்கத்து வீட்டு பால்பாண்டி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னா மாப்ள, மூஞ்சி இப்பிடி வேர்த்துக் கெடக்கு?"

"வண்டிய எடுடா. மதுரைக்கு. நாக்கு நீலமாயிருச்சு."

பால்பாண்டி சத்யப்ரியாவை எட்டிப் பார்த்தான். "தங்கச்சி தெம்பாத்தானடா நடந்து வருது? உன்னயத்தான் மொதல்ல பெட்டுல சேக்கணும் போல."

"விளையாடாத. எடு."

மேலூரைத் தாண்டுவதற்குள் அவள் தோல் எடுத்த இடது கையில் போட்டிருந்த கட்டைத் தட்டிக் காட்டினாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் அதே இடத்தைத் தட்டினாள்.

"பள்ளம் பாத்து ஓட்டுடா. கை வலிக்குதாம்."

அவள் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த போனை எடுக்கக் கை நீட்டினாள். அவன் தடுத்தான். "டாக்டரம்மாகிட்ட வர்றோம்னு சொல்லிருக்கேன், எந்நேரமும் கூப்பிடுவாங்க. இப்ப யாருக்கும் மெசேஜ் போட வேணாம்."

ஒத்தக்கடை நெருங்கும்போது அவன் உள்ளங்கையை இழுத்து, விரலால் என்னவோ கோடு போட்டாள். பயத்தில் விரல் உதறுகிறது என்று நினைத்தான். அந்த விரல்களை மூடித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டான். அவள் விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை.

போன சித்திரைத் திருவிழா முடிந்து, ஒரு அற்பக் கோபத்தில் அவளோடு சில நாள் பேசாமல் இருந்தான். 'ஏங்க, ஏங்க' என்று பின்னாலேயே வந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி அவள் கூப்பிடுவாளா, மாட்டாளா? அந்த நாள்கள் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தின.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போடா."

"இது ஆட்டோ மாப்ள, ஏரோப்ளேன் இல்ல. அந்தா மாட்டுத்தாவணி வந்துருச்சு."

டாக்டரம்மா காத்திருந்தார். விளக்கைத் திருப்பி நாக்கைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். மெல்லிய ஊசியால் அதன் ஓரத்தில் லேசாகக் குத்தினார். சூரியபிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"தம்பி, இங்க பாருங்க. ரத்தம் நல்ல சிவப்பா வருது. நாக்கு உயிரோட இருக்கு."

"அப்ப அந்த நீலம், டாக்டர்?"

அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றாமலே கேட்டார்: "உங்க பேர் என்ன?"

கையெழுத்துப் போடத்தான் கேட்கிறார், மறுபடியும் ஆபரேஷன்தான் என்று நினைத்தான். "சூரியபிரகாஷ்."

"வீட்டுல?"

"சூர்யான்னு கூப்பிடுவாங்க. ஏன் டாக்டர்?"

அவர் தன் போனில் நாக்கைப் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கி அவனிடம் நீட்டினார். "கையில அந்த இடத்தை விட்டுட்டுத் தோல் எடுக்க எங்களுக்கு வழி இல்ல. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம்."

படத்தில், புது நாக்கின் ஓரமாக, தலைகீழாக, பச்சை குத்திய எழுத்தில் 'சூர்யா' என்று அவன் பெயர் இருந்தது.

திருவிழாக் கூட்டத்தில் அவனுக்குத் தெரியாமல் போய் இடது முன்கையில் குத்திக்கொண்டு, அவள் ஆசையாக நீட்டிக் காட்டியது. "காலேஜ் படிச்சவளா நீ? மொதல்ல இத அழி" என்று அவன் கத்திவிட்டு, சில நாள் பேசாமல் இருந்தது.

டாக்டரம்மா அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "துளையும் ஆறிடுச்சு. ஏதாவது சொல்லுங்கம்மா, பாப்போம்."

சத்யப்ரியா எச்சிலை விழுங்கினாள். கணவனையே பார்த்தாள். புது நாக்கு மெல்லப் புரண்டது.

"ஏங்க... இப்ப... அழிங்க... பாப்பம்."