இரண்டு திரைகளில் ஒரு கடல்

என் தோழி ஏஞ்சலின் வீட்டுக் கட்டிலில் என் போனும் லேப்டாப்பும் அருகருகே இருக்கின்றன. போனில் ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம், தியேட்டரில் வந்தபடி. லேப்டாப்பில் அதே படம், வெட்டிய காட்சிகளை இயக்குநர் மறுபடி சேர்த்த நீளமான பதிப்பு. மீன்பிடிக்கப் போய் விடியலில் ஊரூர் குப்பம் திரும்பவேண்டிய அவள் அண்ணனின் படகு மாலை நான்காகியும் வரவில்லை. அவள் நினைப்பை மாற்றத்தான் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். இரண்டிலும் நாயகன் கடலில் விழுகிறான். போனில் உடனே மேலே வருகிறான். லேப்டாப்பில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும். “இன்னாடி, லேப்டாப்புல நின்னுக்கினு கீதா?” “இல்ல ஏஞ்சல், ஓடுது.” வாசலில் அவள் அம்மா மகனை மறுபடி அழைக்கிறார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது ஸ்பீக்கர். ஏஞ்சல் போனில் படத்தைப் பின்னால் இழுக்கிறாள். அவன் மேலே வருகிறான். மறுபடி இழுக்கிறாள். லேப்டாப்பில் தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது.