பதினைந்து பல் புழு

தண்ணீரில் நெளிகிற ரத்தப்புழுவின் வாயை லென்சில் பார்ப்பதுதான், இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த வஞ்சியம்மாளின் வேலை. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைப் படத்தில் உள்ளதுபோலப் புழுவுக்கு ஒன்பது பல் இருந்தால் தண்ணீர் நல்லது, தெருக்குழாயைத் திறந்துவிடலாம்.

அன்று காலை, மலையடிச் சுனையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்திருந்தான் பொன்னுரங்கம். அதிலிருந்த புழுவுக்கோ சீப்பு மாதிரி வரிசையாகப் பதினைந்து பல். மூன்று முறை எண்ணிவிட்டாள்.

"ஏனுங்க்கா, குடிக்கலாமுங்களா? ஊட்டுல முழுகாம இருக்கறா."

"வேண்டாமுங்க தம்பி. பல்லு ஒத்து வரல." சீட்டில் 'கோளாறு' என்று முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அவன் போன பிறகும் மனம் ஒப்பவில்லை. கோளாறு இத்தனை லட்சணமாகவா இருக்கும்? எழுந்து போய் அட்டையை உற்றுப் பார்த்தாள். பொங்கலுக்குப் பொங்கல் புது அட்டை வருமாம். பழையதன் மேலேயே பசை தடவி ஒட்டிவிடுவார்களாம். ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அடியில் பதினொரு பல். அதற்கும் அடியில் பதிமூன்று. சுண்ணாம்போடு பெயர்ந்து வந்த கடைசி அட்டையில் பதினைந்து. எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'நல்ல புழு இப்படி இருக்கும்.'

எப்படி? குழாய்ப் புழுவுக்குப் பல் குறையக் குறைய, அட்டையில் அல்லவா பல்லைக் குறைத்திருக்கிறார்கள்! நான்கு அட்டைகளையும் கையில் பிடித்தபடி வெளியே ஓடிவந்தாள்.

சுனைத் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, குடத்தை நன்றாக அலசி, பொன்னுரங்கம் குழாயடி வரிசையில் நின்றிருந்தான்.

"நல்லவேளைங்க்கா, உங்களக் கேட்டேன்" என்றான்.