கையெழுத்தின் நடுக்கம்

பாதிக்கப்பட்டவரின் குரல் ஒலிக்காத இடத்தில் நீதி இல்லை என்றார் பேராசிரியர்.

நாற்பது நிமிடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மைக். கையில் கிடைத்தால் விடமாட்டார்.

அந்தக் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிடங்கின் காவலாளி. மூன்று வருடத்துக்கு முன் திருடர்கள் முகத்தில் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்றைய பாடத்துக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்.

வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். மடியில் துறையின் அன்பளிப்பாக ஒரு கூடை ஆப்பிள்.

"அழுகைய எப்படி அடக்குறார் பாருங்க. இதுக்குப் பேர்தான் மௌனத் துயரம். எழுதிக்குங்க," என்றார் மைக்.

அறுபது பேனாக்கள் எழுதின.

காவலாளி அழவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மனுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேராசிரியர் ஏதோ நிவாரணக் குழுவில் இருக்கிறாராம், ஒரு வார்த்தை சொன்னால் நடக்குமாம். அதை நம்பித்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "ஐயா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"நல்ல கேள்விம்மா. பாதிக்கப்பட்டவங்க தேவை மொத்தம் ஏழு," என்று மைக் ஆரம்பித்தார்.

நான்காவது தேவை நடந்துகொண்டிருந்தபோது காவலாளி பொறுக்க முடியாமல் மனுவை நீட்டிவிட்டார்.

மைக் அதைப் பிரித்து, வகுப்புக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "படிக்க வேணாம். கையெழுத்துல இருக்கற நடுக்கத்த மட்டும் கவனிங்க."

மனு கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து கைமாறி முன்னால் வந்தது. எல்லோரும் நடுக்கத்தைப் பார்த்தார்கள். சிலர் படம் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பெஞ்சுப் பெண் மட்டும் தெரியாத்தனமாகப் படித்துவிட்டாள். கையைத் தூக்கினாள்.

கேள்வியெல்லாம் கடைசியில் என்றார் மைக். உடனே மணி அடித்துவிட்டது. மீதித் தேவைகள் அடுத்த வாரத்துக்குப் போயின. மனு துறையின் ஆவணக் கோப்புக்குள் போனது.

காவலாளி ஆப்பிள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவளுடைய கை இன்னும் இறங்கவில்லை.

மனுவில் இருந்தது நான்கு வரி. அடிபட்ட அன்று தெறித்து விழுந்ததையும், போலீஸ் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனதையும் குறிப்பிட்டு, தன் பல்செட்டைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தார். வாய்தா தவறாமல் கழுவிக் கொண்டுவந்து கோர்ட்டில் காட்டுவதாகவும் எழுதியிருந்தார்.