கொண்டைக்கடலை ஜாடி

"தாயிம், தாயிம்" என்று சொல்லிக்கொண்டே நஜ்லா அரிசி ஜாடியை அடிவரை கிளறினாள்.

நிலைக்கட்டும், குறையாமல் நிலைக்கட்டும்.

நாளை ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற திருநாள். இன்று நடுச்சாமத்தில் அவர் ஊர் வழியாக நடந்து போவார். அதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொரு ஜாடியையும் திறந்து, கிளறி, திறந்தபடியே வைத்துவிட வேண்டும். அப்போதுதான் வருஷம் முழுக்கப் பெருகும்.

அவள் பருப்பு ஜாடிக்கு நகர்ந்தாள். அடுத்தது கோதுமை ரவை. அதற்கடுத்தது கொண்டைக்கடலை.

அவள் புருஷன் ஃபத்தூலுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

கொண்டைக்கடலை ஜாடியின் அடியில்தான், ஒரு பழைய காலுறைக்குள், அவருடைய பவுன் காசுகள் இருந்தன.

போட்ட பணத்தைத் தர முடியாதென்று வங்கிகள் கதவைச் சாத்துவதற்கு முன்பே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. போட்டதையெல்லாம் எடுத்துப் பவுனாக மாற்றிக்கொண்டார். ஊரே பணம் போச்சே என்று மாரில் அடித்துக்கொண்டபோது அவரும் கூட நின்று அடித்துக்கொண்டார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

கட்டிலடி, கோழிக்கூண்டு என்று இடம் மாற்றி, போன கோடையில்தான் காலுறை இந்த ஜாடிக்குள் வந்து சேர்ந்தது. தவக்காலத்துக்கென்று எடுத்து வைத்த கடலை, அதுவரை இவள் தொடமாட்டாள் என்பது அவர் கணக்கு. நடுவில் இப்படி ஒரு திருநாள் வரும் என்பதை மனிதர் மறந்தே போனார்.

மழை தொடங்கிய மாதத்தில் அவருடைய தங்கை புருஷன் நக்லே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பெய்ரூத் ஆஸ்பத்திரியில் ரொக்கம் கட்டினால்தான் கத்தியைத் தொடுவோம் என்றார்கள். ஃபத்தூல் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் இரண்டு சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"எங்கிட்ட என்ன இருக்கு? ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று அழுதார்.

அழுகை நிஜம்தான். நக்லே அவருடைய சின்ன வயதுச் சிநேகிதர். பவுனும் நிஜம்தான்.

ஆண்டவர் பார்த்துக்கொண்டார். யாரோ ஒரு புண்ணியவான் பேர் சொல்லாமல் கோயில் சாமியாரிடம் முழுச் செலவையும் கொடுத்துவிட்டுப் போனார். 'நான் அப்பவே சொல்லல?' என்று முதலில் மார்தட்டியவர் ஃபத்தூல்தான். அன்றிலிருந்து அவருக்கு நல்ல தூக்கம்.

இப்போது ரவையும் முடிந்துவிட்டது.

"போதும் நஜ்லா, கை வலிக்கப் போகுது. உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்கு எல்லாம் தெரியும் மனுஷா. தொறந்து காட்டுறது நம்ம மரியாதை."

மரக்கரண்டி கடலைக்குள் இறங்கியது. ஃபத்தூல் கண்களை மூடிக்கொண்டார்.

கடலை உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கரண்டி ஜாடியின் அடியைச் சுரண்டிக்கொண்டு ஒரு முழுச் சுற்று வந்தது.

தாயிம், தாயிம்.

அவருக்குத் தாங்கவில்லை. அவளைத் தள்ளிவிட்டு முழங்கை வரை ஜாடிக்குள் விட்டுத் துழாவினார். கடலை. வெறும் கடலை.

"என்னத்தத் தேடுற?"

"ஒண்ணுமில்ல. வண்டு கிண்டு விழுந்திருக்குமோன்னு..."

"அது மழைக்கு முன்னாடியே விழுந்துச்சு. மொட்டை மாடியில முழுசையும் கொட்டி, காய வெச்சு, பொறுக்க வேண்டியதைப் பொறுக்கிட்டேன்" என்றாள் நஜ்லா. கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

வாசலில் காலடிச் சத்தம். முன்பெல்லாம் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிற நக்லே, ஒரே மூச்சில் ஏறி வந்து நின்றார். கையில் பாகு சொட்டும் திருநாள் பலகாரம். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம்.

ஃபத்தூலுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததில் நெஞ்சும் நிறைந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"மச்சான், இன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரே ஜெபந்தான்" என்றார் நக்லே. "எனக்காகக் கொடுத்த அந்தக் கை எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"ஆமென்" என்றாள் நஜ்லா, புருஷனைப் பார்த்து.

ஃபத்தூலின் கை இன்னும் ஜாடிக்குள்ளேயே இருந்தது.