ரூபனின் கை

இறந்த விமானிகளின் கைப்பழக்கத்தை மாணவர்களுக்கு ஏற்றும் பள்ளியில், பெனிட்டா மாணவியாகச் சேர்ந்து தன் கணவன் ரூபனுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் தவறால்தான் விமானம் விழுந்தது என்ற விசாரணை முடிவை எதிர்த்து இரண்டு வருடமாக வழக்காடுகிறாள்.

பயிற்சி எந்திரத்தில் வேகம் குறைந்து எச்சரிக்கை ஒலி அலறியது. மூக்கைக் கீழே தள்ளினால்தான் விமானம் பிழைக்கும். அது ஆரம்பப் பாடம். தள்ளத்தான் நினைத்தாள்; அவள் கையோ கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுத்தது. திரையில் தரை மேலேறி வந்து மோதியது.

“இன்னொரு தடவை போடுங்க சார்.”

ஐந்து தடவையும் கை இழுத்தது.

“பயந்தா அப்படித்தாம்மா வரும்,” என்றார் பயிற்சியாளர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெளியே வந்து வக்கீலை அழைத்தாள்.

“கேஸை வாபஸ் வாங்கிடுங்க சார்.”

“என்னம்மா திடீர்னு? புதுசா சாட்சி ஏதாவது கிடைச்சுதா?”

“கிடைச்சுது சார்,” என்றாள்.