பெயர் சொல்லாத அதிகாரி

பிஷ்கெக்கில் இதழியல் வகுப்பு. ஸகின்பெக் எழுதிய குடிநீர்க் குழாய்ச் செய்தியை ஆசிரியை நுர்ஜமால் மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"'அதிகாரிகள் தெரிவித்தனர்'னா யாரு? பேரில்லாத அதிகாரியா?"

"நகராட்சியில யாரும் பேச மாட்டேங்குறாங்க, மேடம். செய்தித் தொடர்பாளர் 'மீட்டிங்'னு சொல்லியே நாலு நாளா வாசல்ல நிக்க வெக்கிறான். மனுஷனா அவன்?"

வகுப்பே சிரித்தது.

"பின்வாசல்ல போய் நில்லுங்க."

"அங்க மட்டும் மாட்டுவானா?"

"நீங்க மாட்டினீங்களே! நான் நிருபரா இருந்தப்போ, அதே நாற்காலியில உக்காந்து ஒன்பது வருஷம் என்னை வாசல்ல நிக்க வெச்சது நீங்கதானே?"

ஓய்வுபெற்ற செய்தித் தொடர்பாளர் ஸகின்பெக் தன் வழுக்கையைத் தடவினார்.

"அவனுக்கு அந்த 'மீட்டிங்' வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்" என்று முனகிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.